கடைசி வரிசையிலிருந்து தொடங்குங்கள்: நியூஜெர்சியில் ஒரு குடும்பம் மினிவேன் வாங்கிய விவரம்

நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கும் என் சித்தப்பா மகள் வீட்டில், மூன்று வரிசைச் சீட்டும் சறுக்குக் கதவும் உள்ள மினிவேன் வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாங்கலாமா என்ற பேச்சு தொடங்கிய நாளிலிருந்து கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வீட்டில் நான்கு பேர்: தங்கை, மாப்பிள்ளை, ஆறு வயதுப் பெண், இரண்டு வயதுப் பையன். கரூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா அம்மா வந்துவிட்டால் ஆறு பேர். விசிட்டர் விசாவில் வருகிறவர்கள் ஆறு மாதம் தங்குவார்கள். அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலி, உயரமும் குறைவு. மாமாவுக்கு எழுபது வயது, ஆனால் நன்றாக நடமாடுவார்.

எந்த வண்டி வாங்க வேண்டும் என்பதற்கான பாதி விடை இந்த விவரத்திலேயே இருக்கிறது. ஆனால் டீலரிடம் போனால் முதலில் காட்டுவது டிரைவர் சீட்டும் அதன் முன்னால் இருக்கும் பெரிய திரையும்தான். என் கருத்து இது: குடும்ப வண்டியைப் பின்னாலிருந்து முன்னால் பார்த்துக்கொண்டு வர வேண்டும். கடைசி வரிசையில் யார் உட்காருவார், அவர் எப்படி ஏறுவார், அவருக்குப் பின்னால் பெட்டி வைக்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்று பார்த்த பிறகுதான் ஸ்டியரிங் பக்கம் போக வேண்டும்.

அதற்கு முன்பு அவர்களிடம் இருந்தது ஐந்து சீட் எஸ்யூவி ஒன்றும் மாப்பிள்ளை வேலைக்குப் போகும் சின்ன செடானும். 2024 கோடையில் பெரியவர்கள் வந்திருந்தபோது எங்கே போனாலும் இரண்டு வண்டி. பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோவிலுக்கும் இரண்டு வண்டி, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் இரண்டு வண்டி. பையன் அம்மா இருக்கும் வண்டிதான் வேண்டும் என்பான், பெண் தாத்தா இருக்கும் வண்டிதான் வேண்டும் என்பாள். நீண்ட பயணத்துக்கு மட்டும் வாடகை வேன் எடுத்தால் போதாதா என்று நான் கேட்டேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு வாரம் மட்டுமே ஆறு பேர் என்றால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். இங்கே ஆறு மாதம், அதுவும் வாரம் மூன்று நான்கு முறை என்பதால் அந்தக் கணக்கு நிற்கவில்லை.

அடுத்து மூன்று வரிசை எஸ்யூவி. மாப்பிள்ளைக்கு அதில்தான் ஆசை. மினிவேன் என்றால் வயதாகிவிட்டது என்ற எண்ணம் அமெரிக்காவில் பலருக்கு உண்டு, நம்மவர்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எண்களை வைத்துப் பார்ப்போம் என்றேன். டொயோட்டா ஹைலேண்டரில் மூன்றாவது வரிசை நிமிர்ந்திருக்கும்போது அதற்குப் பின்னால் 16 கன அடி இடம். அதே டொயோட்டாவின் சியன்னா மினிவேனில் 33.5 கன அடி. இரண்டு மடங்குக்கும் மேல். கியா கார்னிவலில் 40.2. விமானப் பயணப் பெட்டிகள் இரண்டும் ஒரு குழந்தை வண்டியும் ஹைலேண்டரின் பின்னால் போகாது, மினிவேனில் கஷ்டமில்லாமல் போகும்.

இந்த வித்தியாசத்துக்கு வண்டியின் தரை காரணம். மினிவேனில் தரை தாழ்வு. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் ஆழமான ஒரு குழி இருக்கும், சீட்டை மடக்கினால் அந்தக் குழிக்குள் இறங்கிவிடும், மடக்காவிட்டால் அது பெட்டி வைக்கும் இடம். இந்த வடிவம் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1970களில் ஃபோர்டில் இருந்த ஹால் ஸ்பெர்லிச், முன்சக்கர இழுவையில் ஓடும், வீட்டு கராஜுக்குள் நிறுத்தக்கூடிய சின்ன வேன் ஒன்றைச் செய்யலாம் என்று வாதாடினார். இரண்டாம் ஹென்றி ஃபோர்டு ஒப்புக்கொள்ளவில்லை, ஸ்பெர்லிச் வெளியேற்றப்பட்டார். அவர் கிரைஸ்லருக்குப் போனார். 1978இல் ஃபோர்டின் பிரசிடென்ட் பதவியிலிருந்து நீக்கப்பட்ட லீ அயகோக்காவும் அங்கேயே வந்து சேர்ந்தார். அப்போது கிரைஸ்லர் திவாலாகும் நிலையில் இருந்தது. 1980 ஜனவரியில் அரசு 150 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அந்த மூச்சில் செய்த வண்டிகளில் ஒன்றுதான் 1983 நவம்பரில் கனடாவின் வின்ட்சர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மினிவேன்: டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர். பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு தரைக்கு அடியில் ஓடாததால் தரையைத் தாழ்த்தித் தட்டையாக அமைக்க முடிந்தது. அத்தையின் முழங்கால் வலிக்கு 2024இல் கிடைத்த வசதி, அந்தப் பொறியாளர்கள் அப்போது எடுத்த முடிவின் பலன்.

சரி, கடைக்கு வருவோம். அமெரிக்கச் சந்தையில் அப்போது பார்க்கத் தகுந்தவை நான்கு: டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிஸி, கியா கார்னிவல், கிரைஸ்லர் பசிஃபிகா. பெரியவர்கள் கரூர் திரும்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்று தங்கை உறுதியாக இருந்தாள். அது மிகச் சரியான முடிவு. பையனின் பின்நோக்கிய குழந்தை இருக்கை, பெண்ணை உயர்த்தி உட்காரவைக்கும் முதுகு வைத்த பூஸ்டர் இருக்கை, அத்தை, மாமா என்று எல்லாவற்றையும் எல்லாரையும் கூட்டிக்கொண்டுதான் டீலர் வாசலில் போய் நின்றார்கள். விற்பனையாளர் சாவியை மாப்பிள்ளையிடம் நீட்டினார். "முதலில் பின் கதவைத் திறங்கள், அத்தை ஏறட்டும்" என்றாள் தங்கை.

சறுக்குக் கதவின் அருமை அங்கேதான் தெரிந்தது. சாதாரணக் கதவு என்றால் பக்கத்து வண்டியில் இடிக்காமல் பாதிதான் திறக்க முடியும். அந்த இடுக்கில் உடம்பைத் திருப்பி, ஒரு காலை உயர்த்தி வைத்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தத் திருப்பம்தான் சித்திரவதை. மினிவேனில் கதவு முழுதாக விலகிப் போய்விடுகிறது. அத்தை கைப்பிடியைப் பிடித்து நேராக ஏறி உட்கார்ந்தார். நான்கு வண்டியிலும் இது சுலபமாகவே இருந்தது. தங்கையின் எஸ்யூவியில் ஏறும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் யார் எங்கே என்ற கேள்வி. அத்தை இரண்டாவது வரிசையைத் தாண்டிப் போகக் கூடாது. பையனின் இருக்கையும் இரண்டாவது வரிசையில்தான், அழுதால் கை எட்ட வேண்டும். ஆகப் பெண்ணும் மாமாவும் மூன்றாவது வரிசைக்கு. பூஸ்டரில் உட்காரும் குழந்தையை வண்டியின் பெல்ட்டே கட்டிவிடும், தனிக் கொக்கி தேவையில்லை. இரண்டாவது வரிசையில் குழந்தை இருக்கை பொருத்திவிட்டால் அந்தப் பக்கத்துச் சீட்டை மடக்க முடியாது, அப்படியானால் பின்னால் போக வழி எது? இதை வீட்டில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, இருக்கையைப் பொருத்திப் பார்த்தால்தான் புரியும்.

ஒடிஸியில் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். நடுச் சீட்டை எடுத்துவிட்டால் ஓரச் சீட்டைக் குழந்தை இருக்கையோடு பக்கவாட்டில் தள்ளலாம். சியன்னாவின் ஏழு சீட் மாடலில் இரண்டு தனிச் சீட்டுக்கு நடுவே நடந்து போகிற வழி இருக்கிறது. மாமா குனிந்து, அந்த வழியாகப் போய் உட்கார்ந்து, "கரூர் டவுன் பஸ்ஸைவிட இடம் தாராளம்" என்றார். கார்னிவலில் இடம் இன்னும் அதிகம், வெளித்தோற்றத்திலும் எஸ்யூவி சாயல் இருப்பதால் மாப்பிள்ளை அங்கேயே நின்றுவிட்டார். பசிஃபிகாவில் சீட்டுகள் தரைக்குள் மறையும் வசதி பிரமாதம். ஆனால் பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடும், சார்ஜ் போடும் ஹைப்ரிட் மாடலில் அந்த இடத்தை பேட்டரி எடுத்துக்கொள்வதால் இரண்டாவது வரிசைக்கு அந்த வசதி கிடையாது. செகண்ட் ஹேண்டில் அந்த ஹைப்ரிட்டைப் பார்க்கலாமா என்ற யோசனையும் வந்தது. 2022 பிப்ரவரியில் 2017, 2018 மாடல்களைத் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகத் திரும்ப அழைத்தார்கள். பழுது பார்க்கும்வரை சார்ஜ் போடாதீர்கள், கட்டிடங்களை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்துங்கள் என்று சொன்னார்கள். வீட்டை ஒட்டிய கராஜில் நிறுத்துகிறவர்களுக்கு அதைப் படித்த பிறகு மனம் ஒப்பாது.

நான் ஒடிஸி பக்கம் இருந்தேன். மூன்று வருடம் ஓடிய, குத்தகை முடிந்து திரும்பி வந்த நல்ல ஒடிஸி ஒன்று 31,000 டாலருக்குக் கிடைத்தது. புதிய சியன்னாவின் எக்ஸ்எல்இ என்ற வகை வரியெல்லாம் சேர்த்து ஏறத்தாழ 48,000. ஒடிஸிக்கு வரி சேர்த்தாலும் நடுவில் 15,000 டாலர். சியன்னா 2021 மாடலிலிருந்து ஹைப்ரிட் மட்டும்தான், முன்சக்கர இழுவை மாடலுக்கு ஒரு கேலனுக்கு 36 மைல் என்று அரசு மதிப்பீடு. ஒடிஸிக்கு 22. வருடம் 12,000 மைல் ஓட்டினால் சியன்னாவுக்கு 333 கேலன், ஒடிஸிக்கு 545. கேலன் மூன்றேகால் டாலர் என்று வைத்தால் வருடத்துக்கு 690 டாலர் மிச்சம். 15,000 டாலரை அந்த மிச்சத்தில் எடுக்க இருபது வருடத்துக்கு மேல் ஆகும். விற்கும்போது சியன்னாவுக்கு நல்ல விலை கிடைக்கும், அதைச் சேர்த்தாலும் பெட்ரோல் செலவை மட்டும் காட்டி ஹைப்ரிட்டை நியாயப்படுத்த முடியாது. ஹைப்ரிட் வாங்கினால் காசு மிச்சம் என்று பேசுகிறவர்கள் வண்டி விலையை அந்தப் பேச்சில் சேர்ப்பதே இல்லை.

தங்கை என் கணக்கைப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அண்ணா, நீங்கள் பணத்தைச் சொல்கிறீர்கள், நான் அத்தை உட்காரப்போகிற சீட்டைச் சொல்கிறேன்" என்று ஒரு சோதனை முடிவை எடுத்துக் காட்டினாள்.

காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு அமெரிக்காவில் வண்டிகளை மோதிச் சோதிக்கிறது. பல வருடமாக முன்பக்க மோதல் சோதனைகளில் முன் சீட்டில் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்த்தார்கள். அதனால் முன் சீட்டின் பெல்ட்டும் ஏர்பேக்கும் நன்றாக முன்னேறின, பின் சீட்டு அந்த வேகத்தில் முன்னேறவில்லை. 2022 கடைசியில் சோதனையை மாற்றி, டிரைவருக்குப் பின்னால் ஒரு பொம்மையையும் உட்கார வைத்தார்கள். அந்தப் பொம்மையின் அளவு குள்ளமான ஒரு பெண்ணுடையது, அல்லது பன்னிரண்டு வயதுப் பிள்ளையுடையது. 2023 ஆகஸ்டில் இந்த நான்கு மினிவேன்களின் முடிவும் வந்தது. நன்று, ஏற்கத்தக்கது, சுமார், மோசம் என்று நான்கு படிகள். நான்கில் ஒன்றுகூட முதல் இரண்டு படியைத் தொடவில்லை. சியன்னா, கார்னிவல், பசிஃபிகா மூன்றும் சுமார். ஒடிஸி மோசம்.

குடும்பத்துக்காகவே செய்த வண்டி பின் சீட்டில் இப்படி வாங்கினால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. குழந்தை இருக்கையில் ஒழுங்காகக் கட்டப்பட்ட பிள்ளைகளின் நிலை இதில் வேறு. பின் சீட்டே அவர்களுக்கு இன்றும் பாதுகாப்பான இடம். ஆனால் அத்தையின் உயரம் கிட்டத்தட்ட அந்தப் பொம்மையின் உயரம். அவர் உட்காரப்போவதும் அதே வரிசை. சுமாருக்கும் மோசத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு படிக்கு 15,000 டாலரா என்று கேட்கலாம். அவளிடம் அந்தப் பணம் இருந்தது, அவளுக்கு அந்தப் படி பெரிதாகத் தெரிந்தது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். கையில் காசு குறைவான இன்னொரு குடும்பம் கேட்டால், அந்த ஒடிஸிக்கு ஆகும் பணத்தில் செகண்ட் ஹேண்ட் கார்னிவலைப் பாருங்கள் என்பேன். பழைய கார்னிவலுக்கு வாரண்டி எவ்வளவு மிச்சம் என்று மட்டும் விசாரிக்க வேண்டும், கியாவின் பத்து வருட இன்ஜின் வாரண்டி முழுதாக முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். ஒடிஸியே வாங்கினாலும் 100,000 மைலை நெருங்கும்போது இன்ஜினில் இருக்கும் டைமிங் பெல்ட் மாற்றும் செலவு உண்டு என்பதை விலை பேசும்போதே மனதில் வைக்க வேண்டும்.

வாங்கிய கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சியன்னாவுக்கு அப்போது கிராக்கி. வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு டீலர், நிறுவனம் குறித்த விலைக்கு மேல் 3,000 டாலர் கேட்டார், சந்தை நிலவரமாம். இரண்டு மணி நேர தூரத்தில் இன்னொருவர் குறித்த விலைக்கே தருகிறேன், திருப்பித் தரக்கூடிய முன்பணம் கட்டிக் காத்திருங்கள் என்றார். வேண்டிய நிறத்தையும் விட்டுக்கொடுத்து, அவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மே மாதம்தான் பெரியவர்கள் திரும்பி வருவார்கள், ஆகையால் அவசரம் இல்லை. காத்திருக்க முடிவதே பேரம் பேசும் பலம். எல்லாம் சேர்த்து வண்டி வெளியே வரும் விலை என்ன என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் தங்கை நேரில் போனாள். கடைசியில் கையெழுத்து போடும் அறையில் நீட்டித்த வாரண்டி, பெயிண்ட் பூச்சு என்று வரிசையாக வந்தன, எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஹைப்ரிட் பேட்டரிக்கு டொயோட்டா பத்து வருடம் அல்லது 150,000 மைல் வாரண்டி தருகிறது, அதற்கு மேல் விற்கப்படும் எதற்கும் நிதானமாக யோசிக்க வேண்டும். பழைய எஸ்யூவியை அதே டீலரிடம் கொடுத்தார்கள். நியூஜெர்சியில் அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் 6.625 சதவீத விற்பனை வரி போடுவார்கள், அதனால் வெளியில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைப்பதைவிட இது லாபமாக முடிந்தது.

ஸ்டெப்னி பற்றி ஒரு வார்த்தை. சியன்னாவின் எல்லா மாடலிலும் அது வராது. காற்றடித்து ஓட்டையை அடைக்கும் கிட் மட்டும் இருக்கும் வண்டிகள் உண்டு. பனியில் போகலாம் என்று நான்கு சக்கர இழுவை கேட்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இவர்கள் முன்சக்கர இழுவையே போதும் என்று வாங்கி, மிச்சமான காசில் குளிர்கால டயர் போட்டார்கள்.

இப்போது வைத்திருக்கும் அனுபவம். மைலேஜ் விஷயத்தில் வண்டி ஏமாற்றவில்லை. கோடையில் 36ஐ ஒட்டி வருகிறது, கடும் குளிரில் 31, 32க்கு இறங்குகிறது. பிட்ஸ்பர்க் பென் ஹில்ஸ் பெருமாள் கோவிலுக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய 350 மைல். டேங்க் 18 கேலன், திரும்பும் வழியில்தான் பெட்ரோல் போட வேண்டி வந்தது. ஆனால் பென்சில்வேனியா டர்ன்பைக்கில் மலை ஏறும்போது ஆறு பேரும் பெட்டிகளும் இருந்தால் இன்ஜின் அலறுகிறது. 245 குதிரைசக்தி என்று எழுதியிருந்தாலும், ஏற்றத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் சத்தம் ஓயாது. வாங்குவதற்கு முன் ஏதாவது ஒரு மேட்டில் ஓட்டிக் கேட்டுவிடுவது நல்லது. இதில் ஒடிஸியின் ஆறு சிலிண்டர் வி6 இன்ஜினுக்குப் பக்கத்தில் சியன்னா நிற்க முடியாது.

இன்னொரு குறை, இரண்டாவது வரிசைச் சீட்டை வீட்டில் கழற்றி எடுக்க முடியாது. மேஜையோ மெத்தையோ ஏற்ற வேண்டுமென்றால் முன்னால் தள்ளி வைத்து, கிடைக்கிற இடத்தில் ஏற்ற வேண்டும். மாப்பிள்ளைக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு.

பெரியவர்கள் ஊருக்குப் போன மாதங்களில் மூன்றாவது வரிசை பெரும்பாலும் மடங்கியே கிடக்கிறது. வீணாகப் பெரிய வண்டி என்று ஒருவர் சொன்னார். தமிழ்ப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப் போவது, பட்டேல் பிரதர்ஸ் என்ற இந்திய மளிகைக் கடையில் அரிசி மூட்டை வாங்குவது என்று அதற்கும் வேலை இருக்கிறது. பையன் தானே பொத்தானை அமுக்கிக் கதவைத் திறக்கிறான், பக்கத்து வண்டியில் கதவு இடிக்குமோ என்ற பயம் இல்லை.

அத்தை விஷயத்தில்தான் வண்டி வந்த பிறகும் வேலை இருந்தது. அவருக்கு பெல்ட் கழுத்தில் உரசும், அதனால் தோள் பட்டையை முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்வார். இடுப்புப் பட்டை புடவைக் கொசுவத்துக்கு மேல் வயிற்றில் கிடக்கும். இரண்டும் ஆபத்து. மோதினால் பட்டை இடுப்பு எலும்பில் தாங்க வேண்டும், வயிற்றில் தாங்கினால் உள்ளுறுப்பு நசுங்கும். தங்கை இப்போது வண்டி கிளம்புவதற்கு முன் தானே குனிந்து பட்டையைக் கொசுவத்துக்குக் கீழே, தொடையோடு ஒட்டி இழுத்துவிடுகிறாள். அந்த மாடலில் இரண்டாவது சீட்டு நன்றாகப் பின்னால் சாயும், காலை நீட்டலாம். அத்தைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஓடும் வண்டியில் அப்படிச் சாய்ந்தால் மோதலில் உடம்பு பட்டைக்கு அடியில் நழுவிப்போகும், ஆகவே நின்றிருக்கும்போது மட்டும் சாய்க்கலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்தார்கள். மாமாதான் அதற்குக் காவல். பின் வரிசையிலிருந்து, "சீட்டை நிமிர்த்து" என்று குரல் கொடுத்துவிடுவார்.

மாமாவின் இடத்தில் ஒரு நெருக்கடி மிச்சம் இருக்கிறது. பையனின் பின்நோக்கிய இருக்கைக்கு நீளம் வேண்டும் என்பதால் அந்தப் பக்கத்துச் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள், மாமாவின் முழங்கால் அதில் முட்டுகிறது. அடுத்த முறை அவர்கள் வருவதற்குள் பையன் அந்த இருக்கையின் உயர, எடை வரம்பைத் தாண்டி முன்நோக்கிய இருக்கைக்கு மாறியிருப்பான். அப்போது சீட்டை முன்னால் தள்ளிவிடலாம், மாமாவுக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும். அதற்காக வரம்புக்கு முன்பே பையனைத் திருப்பி வைக்க மாட்டேன் என்று தங்கை சொல்லிவிட்டாள், மாமாவும் அதையே சொன்னார்.